கன்று குடித்த மிச்சம்

எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறவர்களுக்கு முதல் அதிர்ச்சி டீயில்தான். கொட்டாயில் மூன்று உருப்படி நிற்கும். டம்ளரில் வருவது வெல்லம் போட்ட வெறும் டீ. "மாடு வத்திப் போச்சுங்களா?" என்று கேட்பார்கள். வத்தவில்லை, கன்னு குடிக்குது. இதைச் சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். போன வருடம் நம் இயக்கக் கூட்டத்தில் ஒரு பெரியவர் கோபப்பட்டே விட்டார். "இயற்கை விவசாயம் பண்றவன் மாட்டைத்தான் சாமின்னு சொல்றான், நீ என்னடான்னா பாலு வேணாங்கிற. அப்புறம் மாடு எதுக்கு?"

அன்றைக்கு மைக் முன்னால் நின்று பதில் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதித் தருகிறேன் ஐயா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் பாலை முழுசாக விட்டவன் இல்லை. மோர் குடிக்கிறேன். பொங்கலுக்கு ஒரு செம்பு கறப்போம். என் பேத்திக்குத் தினமும் ஒரு டம்ளர் போகிறது. வீட்டுக்கு நாலு லிட்டர் புழங்கிய இடத்தில் இப்போது அரை லிட்டர், அதுவும் எல்லா நாளும் இல்லை. கறவை மாட்டை நம்பிப் பிழைக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குப் புத்தி சொல்ல இதை எழுதவில்லை.

வெள்ளிமலைக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்றரை ஏக்கர். சாமை, கேழ்வரகு, கொஞ்சம் மரவள்ளி, வீட்டைச் சுற்றி மிளகும் பலாவும். நாங்கள் மலையாளிகள். (கள்ளக்குறிச்சியில் இறங்கி இதைச் சொன்னால் கேரளாவில் எந்த ஊர் என்று கேட்பார்கள். மலையில் இருக்கிற ஆள், அதனால் மலையாளி. கேரளாவுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை.) என் சின்ன வயதில் வீட்டில் எட்டுப் பத்து மலைமாடு இருந்தது. ஏர் ஓட்ட, எரு போட, மலைச்சரிவில் பொதி சுமக்க. கறவைக்கு என்று தனியாக ஒரு மாடு கிடையாது. கன்று மேய ஆரம்பித்த பிறகுதான் என் ஆயா செம்பை எடுத்துக்கொண்டு போகும். அரைச் செம்பு வரும். அதுவும் மோராகிவிடும். பிள்ளைகள் நாங்கள் அடம் பிடித்தால் ஆயா ஒரே வார்த்தைதான் சொல்லும்: "கன்னு குடிச்ச மிச்சம் இருந்தாத்தாண்டா நமக்கு." மலை முழுக்க அப்படித்தான் இருந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் அப்படி.

வெளியே நாடு வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. வர்கீஸ் குரியன் பெயரைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். 1950-51இல் இந்தியாவில் தலைக்கு ஒரு நாளைக்கு 130 கிராம் பால் என்று அரசுக் கணக்கு. 2022-23இல் அதே கணக்கு 459 கிராம். சின்னக் காரியம் இல்லை. பஞ்சத்தைப் பார்த்த நாட்டில் பிள்ளைகளுக்குப் பால் கிடைத்தது, நிலம் இல்லாத பெண்கள் கையில் வாரம் தவறாமல் காசு புழங்கியது. அந்த வெள்ளம் எங்கள் மலைக்கு மெதுவாகத்தான் ஏறியது. முதலில் டீக்கடைப் பாலாக, பிறகு பாக்கெட்டாக, பிறகு ஜெர்சி மாடாக.

நம்மாழ்வார் ஐயா மறைந்த அடுத்த வருடம், 2014இல், நான் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்து உப்பு உரத்தை நிறுத்தினேன். எருவுக்கு மாடு வேண்டும். அப்பா காலத்து மலைமாடுகள் அதற்குள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. எப்படியும் மாடு வாங்கத்தானே போகிறோம், பாலும் கொடுக்கிற மாடாக வாங்கினால் என்ன? 2016இல் கடன் வாங்கி இரண்டு ஜெர்சிக் கலப்பு மாடுகளைக் கச்சிராயபாளையம் வழியாக வேனில் ஏற்றிக்கொண்டு வந்தோம். கோமுகி அணை தாண்டி வளைவுகளில் வண்டி திரும்பும்போதெல்லாம் சின்னது கத்திக்கொண்டே வந்தது. என் மனைவி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கணக்கு எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு. நோட்டு இன்னும் இருக்கிறது. இரண்டு மாடும் நன்றாகக் கறந்த மாதம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு 14 லிட்டர். பால்காரர் கொடுத்தது லிட்டருக்கு 24 ரூபாய். மாதம் 10,080. கறவை மாட்டுக்கு இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ அடர்தீவனம், அது போக அதன் உடம்புக்கு ஒன்றரை கிலோ என்று சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் இரண்டுக்கும் எட்டரை கிலோ. கிலோ 22 ரூபாய் என்று மாதம் 5,610 போய்விடும். மேலே நெல் இல்லை, வைக்கோல் கீழே இருந்து வர வேண்டும், அது 1,000. ஏற்றுக்கூலி 600. சினை ஊசி, மருந்து 400. மிச்சம் 2,470 ரூபாய். இதில் நானும் மனைவியும் விடிகாலை நாலு மணிக்கு எழுந்ததற்குக் கூலி போடவில்லை. மாடு வத்தி நிற்கிற மூன்று மாதமும் போடவில்லை.

பணத்தைவிட என்னை அரித்தது தீவன மூட்டை. மக்காச்சோளம், பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, தவிடு எல்லாம் எங்கெங்கோ உப்பு உரம் போட்டு, பூச்சிமருந்து அடித்து விளைந்தது. அதை மலைக்கு ஏற்றி மாட்டுக்குப் போட்டு, அந்தச் சாணியை அள்ளி என் நிலத்தில் கொட்டி, இயற்கை விவசாயம் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். சாமைக்கு விலை கேட்கும்போது தலை நிமிர்ந்து கேட்க முடியவில்லை.

ஆனாலும் கணக்குக்காகவோ மூட்டைக்காகவோ நான் பாலைக் குறைக்கவில்லை.

2017இல் பெரிய மாடு காளைக்கன்று போட்டது. சிவப்பு. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. ஜெர்சிக் காளை ஏருக்கு ஆகாது. திமில் இல்லை, நுகம் தங்காது, வெயிலில் மூச்சு வாங்கும். பால் கறக்காது. அது குடிக்கிற ஒவ்வொரு லிட்டரும் 24 ரூபாய். தரகர் வந்தார். "அண்ணா, பத்து நாள் ஆயிருச்சில்ல, சீம்பாலெல்லாம் குடிச்சிருச்சி, இதுக்கு மேல வச்சா உனக்குத்தான் நட்டம்." 600 ரூபாய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். எங்கே கொண்டு போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதே எனக்குத் தெரியும் என்பதற்கு அடையாளம். தாய் மூன்று நாள் கத்தியது. நாலாம் நாள் நின்றுவிட்டது.

அடுத்த வருடம் சின்ன மாட்டின் கிடாரிக் கன்று கழிச்சலில் செத்துப்போனது. கன்று முட்டினால்தான் பால் இறக்குகிற மாடு அது. மடி கல் மாதிரி இருந்தது, காம்பில் சொட்டு இல்லை. பழைய ஆட்கள் செய்கிற மாதிரி, செத்த கன்றின் தோலில் வைக்கோல் அடைத்து நிறுத்தினோம். தாய் வந்து மோந்து பார்த்தது. உப்புத் தடவியிருந்ததால் நக்கியது. இரண்டு நாள் இறக்கியது. மூன்றாம் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அப்போதுதான் ஒருவர் ஊசி கொண்டு வந்து கொடுத்தார். கறக்கிறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னால கழுத்துல போடு, சர்ருன்னு இறங்கும் என்றார். இறங்கியது. கன்று முட்டும்போது தாயின் மூளையில் ஆக்ஸிடோசின் என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறது. அது ரத்தத்தில் போய் மடியைப் பிழிகிறது. கன்றே இல்லாமல் அந்த வேலையைச் செய்ய வைப்பதுதான் ஊசி. பதினோரு நாள் போட்டேன். ஊசியைக் கையில் எடுத்தாலே மாடு சாணி போட ஆரம்பித்தது. பன்னிரண்டாம் நாள் என் அம்மா கொட்டாய்க்குள் வந்து நின்று பார்த்தது. ஒன்றும் சொல்லவில்லை. அன்றையிலிருந்து எங்கள் வீட்டுப் பாலை அது தொடவில்லை, சாகிற வரைக்கும். நானும் அன்றோடு ஊசியை விட்டேன்.

இதை நான் எங்கேயும் சொன்னதில்லை. கூட்டத்தில் பதில் வராமல் நின்றதும் இதனால்தான்.

பிறகு ஒரு நாள் காந்தியின் சத்திய சோதனையைப் படித்தேன். கல்கத்தாவில் பசுக்களுக்குப் 'பூக்கா' என்று ஒன்றைச் செய்கிறார்கள் என்று அவர் தெரிந்துகொள்கிறார். மாட்டின் பிறப்புறுப்பில் காற்றை ஊதிக் கடைசிச் சொட்டு வரை பாலை இறக்க வைக்கிற முறை. பாலைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே யோசனை இருந்தது, இது சேர்ந்துகொண்டது. 1912இல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் நண்பர் காலன்பாக்கோடு சேர்ந்து பாலை விட்டார். ஆறேழு வருடம் கழித்து வயிற்றுப்போக்கில் சாகக் கிடந்தார். பால் குடிக்காவிட்டால் உடம்பு தேறாது என்கிறார் டாக்டர். பசு, எருமைப் பாலை நினைத்துத்தானே சபதம் செய்தீர்கள், ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று வழி காட்டினார் கஸ்தூர்பா. குடித்தார், பிழைத்தார். ஆனால் அது தன்னை உறுத்திக்கொண்டே இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

எனக்கு அதில் சபதம் பெரிதாகப் படவில்லை. பூக்காவும் என் ஊசியும் ஒன்றுதான் என்பது உறைத்தது. காற்றை ஊதினாலும் அதே ஹார்மோன், ஊசி போட்டாலும் அதே ஹார்மோன். 1960ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் 12ஆம் பிரிவு பூக்காவைக் குற்றம் என்கிறது. மாட்டின் உடம்புக்குக் கேடாகிற, பால் கூட்டும் ஊசியும் அதே பிரிவில் வருகிறது.

இன்னொரு காரணம் என் வயிறு. பல வருடமாகக் காலையில் டீ குடித்தால் உப்புசம், பாத்தியில் பாதி வேலையில் ஒதுங்க வேண்டி வரும். கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டே ஓட்டினேன். 2019இல் கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டர், "ஐயா, ரெண்டு வாரம் பாலை மட்டும் நிறுத்திப் பாருங்க, மத்ததெல்லாம் சாப்பிடுங்க" என்றார். நிறுத்தினேன். ஐந்தாம் நாளே வயிறு அமைதியானது. பால் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். பால்குடி மறந்த பிறகு அது குறைந்துபோவதுதான் மனிதனுக்கு இயல்பு. உலகத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு வளர்ந்த பிறகு அது குறைவு. வட இந்தியாவைவிடத் தெற்கே அதிகம். அது நோயே இல்லை. தயிரிலும் மோரிலும் பாதி வேலையை நுண்ணுயிரே செய்துவிடுவதால் என் போன்றவர்களுக்கும் ஒத்துக்கொள்ளும். ஆயா பாலைக் காய்ச்சிக் கொடுக்காமல் மோராக்கியதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆயாவுக்கு லாக்டேஸ் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

நாட்டு மாட்டுப் பால் ஏ2, அது ஒத்துக்கும் என்று நம் நண்பர்கள் சொன்னார்கள். குடித்தேன். அதே உப்புசம். ஏ1, ஏ2 என்பது பாலில் உள்ள ஒரு புரதத்தின் வகை. சர்க்கரை இரண்டிலும் ஒன்றுதான். ஏ1 பாலால் நோய் வரும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2009லேயே சொல்லிவிட்டது. நம் ஊரில் 2024 ஆகஸ்டில் பாக்கெட்டில் ஏ1, ஏ2 என்று போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டு, ஒரு வாரத்துக்குள் திரும்பவும் வாங்கிக்கொண்டது. நாட்டு மாட்டைக் காப்பாற்ற ஆயிரம் நல்ல காரணம் இருக்கிறது. லிட்டர் 120 ரூபாய்க்குப் பால் விற்பதற்காக அரைகுறையான காரணத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டாம் என்பது என் எண்ணம். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளுங்கள்.

பாலைக் குறைத்தால் சுண்ணாம்புச் சத்துக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். 100 மில்லி பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 340க்கு மேல். எள்ளில் ஆயிரத்தைத் தாண்டும். முருங்கைக்கீரையும் நிறையக் கொடுக்கும். ஆனால் தானியத்தில், கீரையில் இருப்பது முழுசாக உடம்பில் ஒட்டாது. கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் கொஞ்சம் கூடுதலாக ஒட்டும். நாங்கள் முளைகட்டித்தான் அரைக்கிறோம். பி12 வேறு விஷயம். அது செடியில் கிடையாது. நாங்கள் முட்டை, கறி சாப்பிடுகிறவர்கள், அதனால் பிரச்சனை இல்லை. சைவமாக இருக்கிறவர்கள் பாலையும் விட்டால் டாக்டரைக் கேட்டு மாத்திரைக்கு வழி செய்துகொள்ள வேண்டும். சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் பரீட்சை வேண்டாம். என் பேத்தியின் டம்ளரில் நான் கை வைக்காததும் அதனால்தான்.

பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பால் வேண்டாம் என்றால் மாடு எதுக்கு?

சாணிக்கு, கோமியத்துக்கு, ஏருக்கு. ஒரு ஏக்கருக்கு ஜீவாமிர்தம் தயாரிக்க 10 கிலோ சாணி, 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி நம் நிலத்து மண், 200 லிட்டர் தண்ணீர். இதில் ஒரு சொட்டுப் பால் இல்லை. ஒரு நாட்டு மாடு இருந்தால் 30 ஏக்கர் பார்க்கலாம் என்று பாலேக்கர் சொல்வார். அந்த 30ஐ நான் சோதித்துப் பார்க்கவில்லை, ஆனால் மூன்றரை ஏக்கருக்கு ஒரு மாடே தாராளம். பஞ்சகவ்யாதான் இடித்தது. கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய முறை, நம்மில் எத்தனையோ பேர் நிலத்தைக் காப்பாற்றியது. நான் கற்ற அளவில் அதற்கு 2 லிட்டர் பால், 2 லிட்டர் தயிர், 1 லிட்டர் நெய் வேண்டும். ஒரு லிட்டர் நெய்க்கு 20 லிட்டருக்கு மேல் பால் போகும். இருபது லிட்டர்க் குடம் ஒன்று நிரப்ப ஒரு மலைமாட்டின் ஒரு மாதத்து மிச்சம் காலி. நான் அதை வருடத்துக்கு ஒரு தடவை மிளகுக்கு மட்டும் என்று குறைத்துவிட்டேன். மற்றதற்கு ஜீவாமிர்தமும், பூக்கிற நேரத்தில் மீன் அமிலமும். சாமையில் வித்தியாசம் தெரியவில்லை. மரவள்ளிக்கு எதைக் கொடுத்தாலும் அது தன் போக்கில்தான் இருக்கிறது.

2020இல் பால்காரரை வர வேண்டாம் என்று சொன்னேன். அடுத்த மாசி மாதம் ஒரு மலைமாட்டுக் கிடாரியைக் கருமந்துறைப் பக்கம் இருந்து பிடித்து வந்தேன். ஜெர்சி இரண்டையும் என்ன செய்வது? விற்றால் எங்கே போகும் என்று தெரியும். அந்த 600 ரூபாய் கண் முன்னால் நின்றது. சின்னதைச் சொந்தக்காரர் ஒருவர் வளர்க்கிறேன் என்று ஓட்டிப் போனார். ஒரு வருடம் வைத்திருந்து விற்றுவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். கொடுத்தது நான்தான். பெரியதை வைத்துக்கொண்டேன். மடிநோய் வந்து வந்து போகும். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துத் தடவுகிற பேராசிரியர் புண்ணியமூர்த்தியின் வைத்தியம்தான் அதற்கு. மருந்து கடைசி வரை கேட்டது. 2023 ஆடியில் கொட்டாயிலேயே செத்தது. பலாமரத்தடியில் புதைத்தோம். மூன்று வருடம் ஒரு பைசா வருமானம் இல்லாமல் தின்றது, உண்மைதான். சாணி போட்டதும் உண்மை.

என் மனைவியின் பக்கத்தைச் சொல்லாமல் முடித்தால் அவள் இந்தப் பத்திரிகையை அடுப்பில் போடுவாள். பால் காசு அவள் காசு. மரவள்ளிக் காசு வருடத்துக்கு ஒரு தடவை வரும், வந்ததும் கடனுக்குப் போகும். பால் காசு வாராவாரம் அவள் சுருக்குப்பைக்கு வந்தது. எண்ணெய், சோப்பு, சீட்டு, மகள் ஊருக்குப் போய் வரப் பஸ் காசு எல்லாம் அதில்தான். நிறுத்துகிறேன் என்று நான் சொன்ன அன்றைக்கு அவள் கேட்டது: "ஊசி போட்டது நீ. கன்னை வித்தது நீ. இப்ப மனசு நெறைய நிறுத்துறதும் நீ. என் சுருக்குப்பை காலியானதை யாரு கேக்கிறது?" இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. பதினைந்து நாட்டுக்கோழி வாங்கிக் கொடுத்தேன். முட்டைக் காசு வருகிறது, பால் காசில் பாதிகூட இல்லை. முளைகட்டிய கேழ்வரகு மாவை வெள்ளிமலைச் சந்தையில் விற்கப் பார்க்கிறாள். நல்ல வாரமும் இருக்கிறது, மோசமான வாரமும் இருக்கிறது. எதையாவது மாற்றப் போகிற நண்பர்கள் வீட்டில் முதலில் பேசிவிட்டு மாற்றுங்கள். நான் பேசாமல் மாற்றினேன்.

மலைமாடு போன வருடம் பங்குனியில் கன்று போட்டது. காளைக்கன்றுதான். தரகர் இந்தத் தடவையும் வந்தார், எட்டிப் பார்த்துவிட்டு, "நாட்டுக் கன்னா" என்று போய்விட்டார். சாமைக்காட்டுச் சரிவில் டிராக்டர் ஏறாது, ஏர்தான். இந்தக் கன்றுக்கு ஒரு ஜோடி தேடிக்கொண்டிருக்கிறேன். ஏர் பழக்கத் தெரிந்தவர் எங்கள் பக்கம் ஒரே ஒருவர். எழுபது தாண்டிவிட்டார், முழங்கால் வலி. கன்றுக்கு இரண்டு வயது முடியட்டும், கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறார். அதுவரை அது தாயிடம் குடிக்கிறதை நிறுத்துமா என்று தெரியவில்லை. நேற்றுகூட மண்டியிட்டு முட்டிக்கொண்டிருந்தது.